பழைய லாரி ஆக்சிலில் டிராக்டர் டிரெய்லர் செய்யலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: கேட்டவரிடம் 42 ஹெச்பி டிராக்டர் இருக்கிறது. பக்கத்து ஊர்க் காயலான் கடையில், உடைத்த லாரி ஒன்றின் பின் ஆக்சில் ஹப், டிரம்மோடு எடைக்குக் கிடைக்கிறது. எரு, தேங்காய், தீவன மூட்டை, எப்போதாவது செங்கல் ஏற்ற இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றை உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாமா? "லாரி ஆக்சில் பத்து டன் தாங்கும் என்கிறார்கள் அண்ணா, எனக்கு ஐந்து டன் போதும்" என்று முடித்திருக்கிறார்.

செய்யலாம் தம்பி. பட்டறைகளில் பல காலமாக நடந்து வருகிற வேலைதான். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வில்லங்கம் இருக்கிறது, அதனால் அங்கேயே ஆரம்பிக்கிறேன்.

ஆக்சில் பத்து டன் தாங்கும் என்பது பொய்யில்லை. 2018-இல் வரம்பை உயர்த்துவதற்கு முன்னால், ஆறு சக்கர லாரிக்கு அனுமதித்த மொத்த எடை 16.2 டன். அதில் முன் ஆக்சிலுக்கு 6, பின் ஆக்சிலுக்கு 10.2. ஆனால் அந்த 10.2 டன்னை நிறுத்துவதற்கு லாரியில் ஏர் பிரேக் இருந்தது, பின்னால் நான்கு டயர் இருந்தன, முன்னால் இன்னொரு ஆக்சிலும் பிரேக் பிடித்தது. உங்கள் டிராக்டரின் எடை ஏறக்குறைய இரண்டு டன். பெரும்பாலான டிராக்டர்களில் முன் சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது. ஐந்து டன் பாரம், டிரெய்லரின் சொந்த எடை ஒன்றேகால் டன் என்றால், இரண்டு டன் வண்டியை ஆறேகால் டன் பின்னாலிருந்து தள்ளும். சமதரையில் இழுப்பது பெரிய காரியமே இல்லை, உங்கள் டிராக்டர் சிரமப்படாமல் இழுக்கும். ஏரிக்கரை இறக்கத்தில் ஓர் ஆடு குறுக்கே வந்தால்தான் கணக்குத் தெரியும்.

பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால், பாரத்தோடு சேர்ந்த அதன் மொத்த எடை டிராக்டர் எடையைப்போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது என்பது பண்ணைப் பாதுகாப்பில் வழக்கமாகச் சொல்லும் அளவு. உங்களுக்கு அது மூன்று டன். டிரெய்லரின் எடையைக் கழித்தால் ஒன்றேமுக்கால் டன்தான் பாரம். அதிகம் வேண்டுமென்றால் டிரெய்லருக்குப் பிரேக் வேண்டும். ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது ஆக்சில் எவ்வளவு தாங்கும் என்பதை அல்ல, எதை வைத்து நிறுத்தப் போகிறீர்கள் என்பதை. ஆக்சிலைத் தேர்ந்தெடுப்பதுகூட அதைப் பொறுத்துத்தான்.

கனமான ஆக்சில் எடுத்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. 9.00-20 டயர் ஒன்று ரிம், டியூபோடு நூறு கிலோவை நெருங்கும். பின் ஆக்சிலின் கூடு (ஷாஃப்ட்டை மூடியிருக்கும் வெளி உறை), ஹப், டிரம் எல்லாம் வார்ப்பும் தடித்த எஃகும். மூன்று டன் வரம்புக்குள் ஓட்டப் போகிறவர் பத்து டன் ஆக்சிலைப் போட்டால், அனுமதித்த எடையில் பெரும்பங்கை வெறும் இரும்பே தின்றுவிடும்.

அதனால் அந்தக் கடைக்காரரிடம் மறுபடி போய் இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள். ஒன்று, டாடா 407 மாதிரி சின்ன லாரியின் ஆக்சில் இருக்கிறதா? உங்கள் தேவைக்கு அதுவே தாராளம். 16 அங்குல வீல் என்பதால் பெட்டி தாழ்வாக நிற்கும், மூட்டை ஏற்ற இடுப்பு நோகாது. பழைய 407-களில் ஹைட்ராலிக் பிரேக் என்பது பெரிய அனுகூலம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். இரண்டு, பெரிய லாரி ஆக்சில்தான் வேண்டுமென்றால் டம்மி ஆக்சில் வருமா? பல பத்துச் சக்கர லாரிகளில் பின்னால் இருக்கும் இரண்டு ஆக்சிலில் ஒன்றுக்கு எஞ்சின் இழுவை போகாது, சும்மா சுமை தாங்கும். உள்ளே கிரவுனும் (எஞ்சின் இழுவையைச் சக்கரப் பக்கம் திருப்பும் பல்சக்கரம்) இல்லை, ஷாஃப்ட்டும் இல்லை. டிரெய்லருக்கு என்றே செய்த மாதிரி இருக்கும். நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரித் தொழில் நடக்கிற ஊர்களிலும் சென்னை புதுப்பேட்டையிலும் தேடினால் அகப்படும்.

இரண்டும் இல்லை, அந்தப் பின் ஆக்சில்தான் என்றால், எடுத்துக்கொள்ளும் முன் பார்க்க வேண்டியவை உண்டு.

லாரி ஏன் உடைப்புக்கு வந்தது என்று கேளுங்கள். வயதாகி வந்தது என்றால் சரி. விபத்தில் வந்தது என்றால் ஆக்சில் வளைந்திருக்க வாய்ப்பு உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு ஹப்பையும் கையால் சுற்றிப் பார்த்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் கட்டி, கூட்டின் மேலும் பக்கவாட்டிலும் நூலுக்கு உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். விரிசலுக்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. ஸ்பிரிங் உட்காரும் இடம், ஹப் ஏறும் முனை, பழைய வெல்டிங் ஓரங்கள் இவற்றைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, மண்ணெண்ணெயை நன்றாகத் தடவி ஊறவிடுங்கள். துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் மெல்ல வெளியேறி, வெள்ளைப் பூச்சில் மயிரிழைக் கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். அதை வெல்டிங் வைத்துச் சரிசெய்து தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் இன்னும் வேகமாக வாருங்கள்.

அப்புறம் பில். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று வண்டி எண்ணோடு எழுதி வாங்குங்கள். திருட்டு வண்டியின் உதிரிபாகம் என்று பின்னால் பிரச்சினை வந்தால் உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தச் சீட்டுதான்.

பின் ஆக்சிலை டிரெய்லருக்கு மாற்றுவதில் முக்கியமான ஒன்று, அது ஃபுல் ஃப்ளோட்டிங் வகையா என்பது. கனரக லாரிகளில் ஹப் இரண்டு பேரிங்கில் கூட்டின் முனைமீதே உட்கார்ந்திருக்கும். எடை முழுவதும் கூட்டுக்குப் போகிறது, உள்ளே இருக்கும் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுழற்ற மட்டும்தான். ஹப்பின் முகத்தில் வட்டமாக நட்டுகள் இறுக்கிய ஒரு தட்டு தெரியும், அதுதான் ஷாஃப்ட்டின் தலை. அந்த நட்டுகளைக் கழற்றி ஷாஃப்ட்டை உருவினாலும் சக்கரம் அப்படியே நிற்கும். கார்களிலும் சில சிறு வண்டிகளிலும் சக்கரம் ஷாஃப்ட்மேலேயே மாட்டியிருக்கும். அதில் ஷாஃப்ட்டை எடுத்தால் சக்கரமும் கையோடு வந்துவிடும். அந்த வகை இந்த வேலைக்கு வேண்டாம்.

ஷாஃப்ட் இரண்டையும் உருவிவிட்டு கிரவுனையும் வெளியே எடுத்துவிடுங்கள். சிலர் ஷாஃப்ட்டை மட்டும் எடுத்துவிட்டு கிரவுனை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். எதற்காக அந்தப் பல்சக்கர எடையைக் காலமெல்லாம் சுமக்க வேண்டும்? நல்ல கிரவுன் செட்டுக்குப் பழைய பாகச் சந்தையில் நல்ல விலை உண்டு. கடைக்காரரே அதைக் கழற்றி வைத்துக்கொண்டு ஆக்சில் விலையைக் குறைத்துத் தருவார். வாயைத் தடித்த தகடும் கேஸ்கெட்டும் போட்டு மூடுங்கள், தண்ணீர் உள்ளே போகக் கூடாது.

இங்கே பலர் கோட்டைவிடும் இடம் ஹப் பேரிங். கிரவுனில் இருந்த ஆயில் பல வண்டிகளில் கூட்டின் வழியாக வழிந்து ஹப் பேரிங்குக்கும் போய்க்கொண்டிருக்கும். நீங்கள் ஆயிலை வடித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும், பேரிங் வறண்டு ஓடும். ஆகவே ஹப்பைக் கழற்றி, பேரிங்கை டீசலில் கழுவிப் பாருங்கள். பல மாதம் மழையில் கிடந்த ஆக்சிலில் உருளைகள்மீது ஊசி குத்தின மாதிரிப் புள்ளிகள் இருக்கும். இருந்தால் உள்வளையம், வெளிவளையம் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் செலவு. ஆயில் சீல் எப்படியும் புதிதுதான். ஏபி-3 கிரீஸை உருளைகளுக்கு இடையில் புகுமாறு உள்ளங்கையில் வைத்து அழுத்தி ஏற்றுங்கள், மேலே பூசினால் மட்டும் போதாது. கூட்டின் முனை வாயைத் தக்கை அடித்து அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சூடேறிய கிரீஸ் உள்ளே இறங்கிவிடும். ஷாஃப்ட் தலை இருந்த இடத்தில் அதே ஸ்டட் துளைகளுக்கு வட்டத் தகடு வெட்டி மூடுங்கள்.

பேரிங் நட்டை இறுக்குவதற்கு முறை உண்டு. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, சுற்று கனமாகும்வரை நட்டை இறுக்கி, பிறகு ஆறில் ஒரு பங்கிலிருந்து கால் சுற்றுவரை தளர்த்தி லாக் வாஷரை மடக்க வேண்டும். சக்கரம் லேசாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் கையில் தெரியக் கூடாது. முதல் தடவை பாரம் ஏற்றிப் போய் வந்ததும் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியவில்லை என்றால் இறுக்கம் அதிகம்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே கருந்தூசி நிறைய இருக்கும். அதைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம், அது நுரையீரலுக்குப் போனால் திரும்பாது. தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள்.

இடையில் முன் ஆக்சில் பற்றியும் ஒரு வார்த்தை. அது எடை குறைவு, விலையும் குறைவு, உள்ளே எதுவும் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் சக்கரம் திரும்பும். டிரெய்லரில் திரும்பாமல் கட்டிப்போட வேண்டும். பட்டறைக்காரர் சட்டென்று கிங் பின் (சக்கரம் திரும்ப அச்சாக நிற்கும் முளை) இருக்கும் இடத்திலேயே வெல்டிங் வைக்கப் பார்ப்பார், விடாதீர்கள். முன் ஆக்சிலின் உத்தரம் உலையில் அடித்து உருவாக்கிய கார்பன் கூடிய எஃகு. சாதாரண வெல்டிங்கில் சூடாகி ஆறும்போது ஓரங்கள் கடினமாகி, விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். டை ராட் (இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் தண்டு) கைகளிலிருந்து சேஸிஸுக்கோ ஆக்சிலோடு போல்ட் போட்ட தகட்டுக்கோ கம்பி கொடுத்துப் பூட்டுங்கள். பூட்டும் முன் இரண்டு ரிம்முக்கும் இடையே ஹப் உயரத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் டேப் பிடித்து அளவு ஒன்றாக வருமாறு நேராக்க வேண்டும். கிங் பின் புஷ் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றித்தான் ஆக வேண்டும், பூட்டிவிட்டோம் என்று விட்டால் சக்கரம் சாய்ந்து டயரைத் தின்னும்.

ஆக்சில் எதுவானாலும், ஸ்பிரிங் உட்காரும் இடம் அதிலேயே அமைந்திருக்கும். அந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ள தூரம்தான் உங்கள் சேஸிஸின் அகலத்தைத் தீர்மானிக்க வேண்டும். பலர் சேஸிஸை ஒரு கணக்கில் அடித்துவிட்டு ஆக்சிலில் புதிதாக சீட் வெல்டிங் வைக்கிறார்கள். முதலில் ஆக்சிலைத் தரையில் நிறுத்துங்கள், அதன்மீது ஸ்பிரிங், அதன்மீது சேஸிஸ் என்று கீழிருந்து மேலே வாருங்கள்.

ஸ்பிரிங் தேவையா என்றால், வயலுக்கும் வீட்டுக்கும் மட்டும் மெதுவாகப் போகும் டிரெய்லருக்கு இல்லாமலும் காலம் தள்ளலாம், பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். தார் ரோட்டில் போவதாக இருந்தால் போடுங்கள். ஸ்பிரிங் இல்லாத டிரெய்லர் ஒவ்வொரு குழியிலும் வாங்கும் அடி முழுவதும் சேஸிஸுக்கும் டிராக்டர் ஊக்குக்கும் போகிறது. லாரியின் பின் ஸ்பிரிங்கை முழுசாகப் போட்டால் மூன்று டன்னுக்கு அது வளையவே வளையாது, கட்டை மாதிரி நிற்கும். மெயின் பட்டையையும் அதற்கடுத்ததையும் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றில் சிலவற்றைக் கழற்றுங்கள், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில். பட்டையில் வெல்டிங் பொறிகூடப் படக் கூடாது. ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் யு போல்ட் பழையதைப் போடாதீர்கள். ஒரு தடவை இழுபட்டு நீண்ட போல்ட் மறுபடி பிடிக்காது.

இனி ஆக்சிலை எங்கே வைப்பது. மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் இந்தப் பத்தி அவருக்குத் தேவையில்லை. முன்பாரம், பின்பாரம் என்று அவர் பார்த்ததே இங்கேயும். பின்பாரம் ஆனால் அங்கே நுகத்தடி மாட்டின் கழுத்தைத் தூக்கும். இங்கே டிராக்டரின் பின்பக்கத்தைத் தூக்கும், பின் சக்கரம் பிடிமானம் இழந்து வழுக்கும், இருக்கிற ஒரே பிரேக்கும் போய்விடும். முன்பாரம் மிஞ்சினால் டிராக்டரின் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் கேட்காது.

பத்தடிப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் முன் விளிம்பிலிருந்து ஊக்கு நாலரை அடி முன்னால் இருக்கிறது. பெட்டியின் நடுவுக்கு ஓர் அடி பின்னால் ஆக்சிலை வைத்தால், ஊக்கிலிருந்து ஆக்சில் பத்தரை அடியில் வரும். பாரம் சீராகப் பரவி அதன் நடுப்புள்ளி ஆக்சிலுக்கு ஓர் அடி முன்னால் இருக்கிறது. 2,500 கிலோ பாரத்தில், 2,500-ஐ ஒன்றால் பெருக்கிப் பத்தரையால் வகுத்தால் ஏறக்குறைய 240 கிலோ ஊக்கின்மீது அமரும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, இது நல்ல அளவு. ஆனால் இது சீராக ஏற்றினால்தான். கரும்பு, வைக்கோல் மாதிரி பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாரங்களில் நடுப்புள்ளி பின்னுக்கு நகரும். மேடு ஏறும்போது இன்னும் கொஞ்சம் நகரும். அதற்கும் சேர்த்துத்தான் அந்த ஓர் அடி. கரும்புதான் முக்கியம் என்றால் ஒன்றேகால் அடியாக்குங்கள்.

ஆக்சிலைப் பொருத்தும்போது ஊக்கு வளையத்தின் நடுவிலிருந்து இரண்டு ஹப் மையத்துக்கும் டேப் பிடியுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும், இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. வந்தால் டிரெய்லர் நண்டு நடக்கிற மாதிரி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வரும், டயர் ஒரே வருஷத்தில் போய்விடும்.

சேஸிஸுக்கு எந்தச் சேனல் என்பதில் பட்டறைக்குப் பட்டறை அபிப்பிராயம் மாறும். நான் கணக்கையே போட்டுக் காட்டிவிடுகிறேன். மூன்று டன் பாரம், மூன்று மீட்டர் பெட்டி, நீள வாக்கில் இரண்டு சேனல். ஒரு சேனலுக்கு ஒன்றரை டன். நடுவில் ஆக்சில் தாங்க, இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் அந்தரத்தில் நிற்கிறது என்று மோசமான நிலையை எடுத்துக்கொண்டால், 125-க்கு 65 மில்லிமீட்டர் ஐஎஸ்எம்சி (இந்தியத் தர அளவு) சேனலில் நின்ற நிலையிலேயே சதுர மில்லிமீட்டருக்கு 83 நியூட்டன் அளவில் தகைவு, அதாவது இரும்புக்குள் ஏற்படும் இழுவிசை, வரும். குழியில் விழுந்து எழும்போது அது இரண்டரை மடங்கு ஆகலாம், அதாவது 200-ஐத் தாண்டும். சாதாரண எஃகு 250-இல் நிரந்தரமாக வளைந்துவிடும். தப்பித்தோம், ஆனால் கையில் மிச்சம் அதிகமில்லை. 100-க்கு 50 சேனல் போட்டால் அதே அடியில் 350-ஐத் தாண்டும், நடுவில் வில்லாக வளைந்து நிற்கும். 150-க்கு 75 போட்டால் 135 அளவில்தான். மீட்டருக்கு மூன்று நான்கு கிலோ கூடும், கூடட்டும், நான் 150-ஐத்தான் சொல்வேன். பழைய லாரி சேஸிஸையே வெட்டிப் போடலாம் என்றும் சொல்வார்கள். போடலாம், ஆனால் அதன் மேல் கீழ் விளிம்புகளில் குறுக்காக வெல்டிங் வைப்பதோ துளை போடுவதோ கூடாது. இணைப்பெல்லாம் நடுச்சுவரில், போல்ட்டால். அதற்குப் பட்டறைக்காரரிடம் பொறுமை இருக்க வேண்டும்.

டிரெய்லர் முறிகிற இடம் பெரும்பாலும் சேஸிஸ் அல்ல, ஊக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள டிராபார். அதுவும் பெட்டியின் முதல் குறுக்குச் சட்டத்தில் அது சேரும் இடம். முதல் சட்டத்தோடு நிறுத்தி வெல்டிங் வைத்தால் திரும்பும்போதும் குலுங்கும்போதும் வருகிற எல்லா விசையும் அந்த ஒரு வெல்டிங் கோட்டில் விழும். இரண்டு சேனலை முன்னால் குவித்து, பின்னால் விரித்து, பெட்டிக்கு அடியில் ஆக்சில் வரைக்கும் கொண்டுபோய் இரண்டு மூன்று குறுக்குச் சட்டங்களோடு இணையுங்கள். இந்த இணைப்புகளுக்கு 7018 ரக வெல்டிங் ராடு, காயவைத்தது. பட்டறையில் கையில் இருக்கும் 6013-ஐ பெட்டித் தகடுகளுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

வெல்டிங் நடக்கும்போது இரண்டு எச்சரிக்கை. எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். சக்கரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளைச் சுட்டுப் புள்ளி வைத்துவிடும், புதுப் பேரிங் ஒரு மாதம் வராது. காற்றடித்த டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங் வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். டயர் குண்டாக வெடிக்கும்.

ரிம் பற்றிப் பேசும்போதே லாக் ரிங் பற்றியும். 20 அங்குல டியூப் டயர் வீல்களில் ஒரு பக்கம் தனி வளையம் டயரைப் பிடித்திருக்கும். காயலான் கடை ரிம்மில் அது துருப்பிடித்தோ வளைந்தோ இருந்தால், காற்றடிக்கும்போது கழன்று தெறிக்கும். எதிரில் இருந்தவர் பிழைப்பது அரிது. ரிங் சரியாக உட்காராத ரிம்மைத் திருப்பிக் கொடுங்கள். காற்றடிக்கும்போது சங்கிலி சுற்றி, ரிங் பக்கம் யாரும் நிற்காமல், நீளமான ஹோஸில் அடியுங்கள். கழற்றுவதற்கு முன் வால்வு ஊசியை எடுத்து முழுக் காற்றையும் இறக்குங்கள். பின் ஆக்சிலில் பக்கத்துக்கு ஒரு சக்கரமே போதும். 9.00-20 லாரி டயர் ஒன்று நல்ல நிலையில், சரியான காற்றோடு இரண்டரை டன் அளவுக்குத் தாங்கும். பழைய டயரில் பட்டன் (தரையில் உரசும் பகுதி) தேய்மானத்தைவிடப் பக்கச் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சில பழைய லாரிகளில் இடது பக்க நட்டுகள் எதிர்த் திருகு, தெரியாமல் நீள ஸ்பேனரில் ஏறி நின்று ஸ்டட்டை ஒடித்துவிடாதீர்கள்.

இப்போது பிரேக். உங்கள் பின் ஆக்சிலில் இருப்பது ஏர் பிரேக், டிராக்டரில் காற்று இல்லை. பட்டறையில் "அதைக் கழற்றிப் போட்டுவிடலாம், எடையாவது குறையும்" என்பார்கள். லைனிங்கையும் டிரம்மையும் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். ஏர் சேம்பர் தள்ளிக்கொண்டிருந்த நெம்பிலிருந்து கம்பி கொடுத்து முன்னால் ஒரு கை நெம்போடு இணைத்தால் குறைந்தபட்சம் நிறுத்தி வைக்கும் பிரேக்காவது கிடைக்கும். ஓடும்போது பிடிக்க வேண்டும் என்றால் தள்ளு பிரேக் ஒரு வழி. ஊக்கை டிராபாரோடு அசையாமல் வைக்காமல், கொஞ்சம் முன்பின் நகரும் குழாயில் வைப்பது. டிராக்டர் வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னால் தள்ளும், குழாய் உள்ளே போகும், அந்த அசைவே பிரேக்கை இழுக்கும். 407 ஆக்சிலைச் சொன்னதற்குக் காரணம் இதுதான். அதில் ஹைட்ராலிக் பிரேக் என்றால், நகரும் குழாய் ஒரு மாஸ்டர் சிலிண்டரை (பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்புவது) அழுத்துமாறு அமைத்துவிட்டால் இரண்டு சக்கரத்துக்கும் சமமாகப் போகும். லாரி ஆக்சிலின் நெம்பைக் கம்பியால் இழுக்கும் முறையில் இரண்டு பக்கத்தையும் சமன்செய்வது கொஞ்சம் தலைவலி. இரண்டிலும் ரிவர்ஸ் எடுக்கும்போது பிரேக் பிடித்துக்கொள்ளும். குழாயைப் பூட்ட ஒரு பின் வைக்க வேண்டும், முன்னால் கிளம்பும்போது அந்தப் பின்னை மறக்காமல் எடுக்கவும் வேண்டும்.

டிராக்டர் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது, செலவில்லாதது. வயலில் திருப்புவதற்காக இடது வலது பிரேக் பெடலைப் பிரித்து வைத்திருப்பீர்கள். டிரெய்லரோடு ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்டுங்கள். பாரம் பின்னால் இருக்க ஒரு பெடல் மட்டும் மிதிபட்டால் டிராக்டர் சட்டென்று திரும்பும், டிரெய்லர் மடிந்து மேலே வரும். இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது தற்கொலை. எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள்.

ஊக்கு உயரம் டிராக்டரின் பின் ஆக்சில் மையத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். மேலே டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கயிறோ சங்கிலியோ கட்டி இழுத்தால் டிராக்டர் முன்பக்கம் எழுந்து ஓட்டுநர்மீதே கவிழும். ஊக்குப் பின்னுக்குக் கீழே கிளிப், கூடவே தனியாக ஒரு பாதுகாப்புச் சங்கிலி.

பின்னால் சிவப்பு விளக்கு இரண்டு, இண்டிகேட்டர், பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் போடுங்கள். இரவில் விளக்கில்லாமல் ரோட்டோரம் நிற்கும் டிரெய்லரில் பைக்கில் வருகிறவர் மோதுவதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மொத்த அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. லாரி ஆக்சிலின் அகலத்துக்குள்ளேயே பெட்டியைக் கட்டினால் அந்தப் பிரச்சினை வராது.

கடைசியாகச் சட்டம். இதை முதலில் விசாரித்துவிட்டு ஆக்சிலுக்கு முன்பணம் கொடுப்பது நல்லது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் விளக்கப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். ரோட்டில் ஓட டிராக்டருக்கு ஒரு பதிவு, டிரெய்லருக்குத் தனியாக ஒரு பதிவு. பதிவுக்குத் தயாரிப்பாளர் தரும் விற்பனைச் சான்று படிவம் 21-இலும், சாலைத் தகுதிச் சான்று படிவம் 22-இலும் கேட்பார்கள். வீட்டில் செய்ததற்கு அதை யார் தருவார்கள்? அதனால் ரோட்டுக்கு வருகிற டிரெய்லர் என்றால், அங்கீகாரம் பெற்று டிரெய்லர் செய்து பதிவுக்குத் தாள் கொடுக்கும் பட்டறையிடமே போங்கள். பழைய ஆக்சிலைப் போட ஒப்புக்கொள்வார்களா என்பதை மறைக்காமல் கேளுங்கள், மாட்டேன் என்றால் அவர்கள் ஆக்சிலிலேயே வாங்குங்கள். பதிவில்லாத டிரெய்லரால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைகழுவப் பார்க்கும், நஷ்டஈடு உங்கள் நிலத்தின்மீது வரும். உங்கள் காட்டுக்குள்ளேயே எருவும் தேங்காயும் அள்ளுவது மட்டும்தான் வேலை என்றால் வீட்டு டிரெய்லர் போதும். அதிலும் ஆட்களை ஏற்றாதீர்கள், களையெடுக்க வருகிறவர்கள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

ஆக்சிலைப் பார்க்கப் போகும்போது மூன்று அளவு எடுத்து வாருங்கள்: ஸ்பிரிங் சீட் இரண்டுக்கும் நடுத்தூரம், ஹப்பில் எத்தனை ஸ்டட், ஒரு டிரம்மின் வெளிமுகத்திலிருந்து மறு டிரம் வரை மொத்த அகலம். கூடவே உங்கள் டிராக்டரின் எடையை அதன் கையேட்டில் பார்த்துச் சொன்னால் சேஸிஸ் அகலத்தையும் டிராபார் நீளத்தையும் கணக்குப் போட்டுத் தருகிறேன்.